மாஸ்டரின் முழங்கால்

பால் பாக்கெட் வாங்கப் போவதற்கு முன் ஸ்டீபன்ராஜ் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். கடை சந்து முனையில்தான் இருக்கிறது. அதற்குப் போக இஸ்திரி! கட்டில்மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, வாய் நிறையத் தண்ணீர் வைத்துப் புர்ரென்று ஒரே சீராக ஊதித் தெளிப்பார். கிளாரினெட் வாசித்துப் பழகிய வாய், ஒரு சொட்டு வீணாகாது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மடிப்பு விறைத்து நிற்கும்வரை தேய்ப்பார். அந்த நேரத்தில் இடுப்பில் என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். இன்னொரு கால்சட்டை. நேற்றுப் போட்டது.

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் கொடியில் கைலி காயாத வீடு ஒன்று உண்டென்றால் அது இவர் வீடுதான். மற்ற ஆம்பிளைகள் பொழுது சாய்ந்தால் கைலியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஊர் வெயிலுக்கு வேறென்ன செய்வது? மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது போனபிறகுதான் கக்கும். கரண்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அப்போதும் நம்ம ஆள் பெல்ட் போட்ட முழுக்கால்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பார். "மாஸ்டர், செத்த நேரம் கால்ல காத்துப் படட்டுமே. கலெக்டரா வரப்போறாரு?" என்று ஆள் மாற்றி ஆள் கிண்டல் செய்வார்கள். "நீ வாங்கு காத்து. எனக்கு வேண்டியது தானா வருது" என்பார். குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் குடம் தளும்பிக் கால்சட்டை முழுக்க நனைந்தாலும் மடித்துவிட மாட்டார். போட்டபடியே காய்வார்.

"நான் வாக்கப்பட்டு வந்ததுலயிருந்து இந்த மனுசன் முட்டிய வெளிச்சத்துல பாத்ததில்ல" என்பார் மனைவி பிலோமினாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். போன வருடம் முழங்கால் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சின்னப் பெண். "பேன்ட்டை மேல ஏத்துங்கய்யா, பாத்துருவோம்" என்றது. "இப்ப வலி இல்லம்மா, போயிருச்சு" என்று எழுந்து வந்துவிட்டார் மனுசன். காலையிலிருந்து வரிசையில் காத்திருந்தவர்! பிலோமினாள் தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து குளியலறைக் கதவிடுக்கு வழியாகத் தைலத்தை நீட்டுவது மட்டும் அவர் வேலை. பூசிக்கொள்வது மாஸ்டரின் சொந்த விவகாரம்.

மாஸ்டர் என்றால் பேண்டு வாத்தியக் குழுவுக்கு மாஸ்டர். கல்யாணம், கேதம், மாதா சப்பரம், கட்சி ஊர்வலம், எதுவானாலும் இவர் செட்டு போகும். சிவப்புச் சட்டை, தோளில் தங்க நிறக் குஞ்சம், வெள்ளை முழுக்கால்சட்டை, வெள்ளை ஷூ. புதிதாகச் சேர வருகிறவனிடம் முதலில் வாசிக்கச் சொல்லமாட்டார். "ஏலே, காலைக் காட்டு" என்பார். ஷூவில் சேறு இருந்தால் போய் வா, அப்பு. "கை தப்பு பண்ணுனா ஒரு பாட்டோட போச்சு. காலு அசிங்கமா இருந்தா மொத்த செட்டுக்கும் மருவாதி போச்சு" என்பது அவர் கட்சி. இன்னொன்றும் உண்டு. கிளாரினெட்டைத் தரையில் வைக்கமாட்டார். டீ குடிக்கும்போது கக்கத்தில் இருக்கும், சாப்பிடும்போது மடியில் இருக்கும், வேனில் தூங்கும்போது நெஞ்சோடு கிடக்கும். செட்டில் யாராவது மறதியாக டிரம்பெட்டைக் காலடியில் வைத்துவிட்டால் பாய்ந்து வந்து எடுப்பார். "வாயில வைக்கிற சாமானை மண்ணுல வைப்பியா? நீ திங்கிற சோத்தை வைப்பியாலே?"

சோறு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மண்டபங்களில் வாத்தியக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. "எல்லாரும் சாப்டாச்சா பாருங்கப்பா, அப்புறம் அவங்களைக் கூப்புடு" என்று யாராவது ஒரு மாமா சத்தம் போடுவார். கூப்பிடும் நேரத்தில் சோறு இருக்கும், வெஞ்சனம் இருக்காது. பாயசம் இருந்தது என்பதற்கு வாளி அடையாளமாக நிற்கும். மாஸ்டர் வீட்டிலிருந்தே எலுமிச்சைச் சோறும் வத்தலும் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். "வெஞ்சனம் தீந்துபோச்சுன்னு அவுங்க சொல்றதுக்குள்ள நான் கை கழுவிருவேன்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சிரிப்பு ரொம்பக் குறைச்சல்.

சொந்த ஊர் திண்டுக்கல் என்று சொல்லிக்கொள்வார். இல்லை. குஜிலியம்பாறையைத் தாண்டிக் கிழக்கே, வானம் பார்த்த சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு ஊர். பெயரை அவர் சொல்வதில்லை, நாமும் விட்டுவிடுவோம். அப்பா பொம்மையன் அந்த ஊருக்குக் கொட்டடிக்கிறவர். நல்லதுக்கும் அவர்தான், கெட்டதுக்கும் அவர்தான். பையனை வேதத்தில் சேர்த்து ஸ்டீபன்ராஜ் என்று பெயர் வைத்தது அம்மாவின் பிடிவாதம். பெயர் மாறியதே தவிர தெரு மாறவில்லை. மேலத்தெருவுக்குள் கால் வைத்தால் பொம்மையன் வகையறா வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதிவைத்த சட்டமா என்றால் இல்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது எறிந்திருக்கலாமே!

ஒரு சித்திரை மாதம். ஸ்டீபன்ராஜ் அப்போது டவுசர் போட்ட பொடியன். மாதா கோயிலில் கொடுத்த புது வேட்டியை அம்மா ஆசைப்பட்டு அப்பாவுக்குக் கட்டிவிட்டிருந்தாள். சாமி புறப்பாட்டுக்கு அப்பா மேலத்தெருவில் கொட்டடித்துக்கொண்டே போகிறார், மகன் பின்னாலேயே போகிறான். புதுத் துணியின் கஞ்சி வழுக்கியது. முடிச்சு இளகி வேட்டி கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. பெரிய வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். கொட்டு நின்றது.

"ஏலே பொம்மையா, கணுக்காலு குளிருதோ?"

தெருவே சிரித்தது. அடி இல்லை, வசவு இல்லை, அவ்வளவுதான் கேட்டார். அப்பா இரண்டு குச்சிகளையும் வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வேட்டியைத் தூக்கி முழங்காலுக்கு மேலே பிடித்தபடி நின்றார். போ என்று சொன்னால்தானே போகலாம்? வீட்டுக்காரர் ஊதி ஊதி டீயைக் குடித்து முடித்துத் தம்ளரை வைக்கிறவரை நின்றார். புழுதி அப்பிய அந்த இரண்டு முழங்காலும் பையனின் கண்ணுக்கு நேரே இருந்தன. வயிறு எரிந்தது. யார்மேல் எரிகிறது என்று அந்த வயதில் தெரியவில்லை. அப்பாமேல்தான் என்று நினைத்துக்கொண்டு அவரோடு பல நாள் பேசாமல் இருந்தான். பாவம், அவர் என்ன செய்வார்!

மீசை அரும்பும் வயதில் திண்டுக்கல்லுக்கு ஓடி வந்தவன் கடைவீதியில் ஒரு பேண்டு செட்டு போவதைப் பார்த்தான். என்ன பாட்டு வாசித்தார்கள் என்று இன்றைக்கும் அவருக்கு நினைவில்லை. அத்தனை பேரும் கணுக்கால்வரை வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு நடுரோட்டில் நடந்தார்கள், ஒரு பஸ் ஒதுங்கி வழி விட்டு நின்றது, அதுதான் நினைவிருக்கிறது. அன்றைக்கே பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். "வாத்தியத்து மேல அம்புட்டுப் பிரியமா மாஸ்டர்?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பார். பச்சைப் பொய். பிரியம் பிறகுதான் வந்தது, பிள்ளை பெற்றபிறகு பெண்டாட்டிமேல் பாசம் வருவதுபோல.

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கால்சட்டை எடுத்துக்கொண்டு போனார். பொம்மையன் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு நான் எந்தத் தெருவுல நடக்கட்டும் அப்பு?" என்று கேட்டார். மடித்துப் பெட்டியில் வைத்தார். அவர் செத்தபோது ஸ்டீபன்ராஜ் போய், கோடி வேட்டியைப் பாதம்வரை இழுத்து மூடி அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். அதோடு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இதெல்லாம் மனைவிக்குப் பாதி தெரியும். மகள் தமிழ்நிலாவுக்கு அதுவும் தெரியாது. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று அவள் கேட்டபோது "வாத்தியக்காரரு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தத் தெரு தன்னோடு முடிந்துபோகட்டும், பிள்ளை அதைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். வாழ்க்கையில் அவர் கர்த்தரிடம் கேட்டது இது ஒன்றுதான்.

தமிழ்நிலா நிமிர்ந்துதான் வளர்ந்தாள். படித்து முடித்து, கல்யாண ஏற்பாடுகளை மொத்தமாக எடுத்து நடத்துகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். காதில் ஒயர், கையில் வாக்கிடாக்கி, நடையே ஓட்டம். இந்தப் பங்குனியில் முதன்முதலாக ஒரு பெரிய கல்யாணத்தை முழுப் பொறுப்பாக அவளிடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்காட்லாந்தில் வேலை. அந்த ஊரில் ஆம்பிளைகள் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு பை வாத்தியம் ஊதுவார்களாம். பெண் அழைப்பு ஊர்வலத்துக்கு அது மாதிரியே வேண்டும் என்று ஆசைப்பட்டாராம்.

"வாத்தியம் பிரச்சினை இல்லப்பா. பைப் சத்தம் ஸ்பீக்கர்ல வந்துரும். நீங்க சும்மா கிளாரினெட்ட வாயில வச்சுக்கிட்டு நடந்தாப் போதும். ட்ரெஸ்தான் முக்கியம்" என்றாள்.

சொன்னது மகள் என்பதால் மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு மரியநாதபுரமே கூடியிருக்கும்.

அவள் போனை நீட்டினாள். "கில்ட்டுன்னு பேருப்பா. ரெண்டு ஸ்டைல் இருக்கு. ட்ரெடிஷனல் ஒண்ணு, மாடர்ன் ஒண்ணு. செட்டு முழுக்க ஒரே மாதிரி தைக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க, நீங்கதான மாஸ்டர்?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நிறத்தைப் பார்த்தார் என்றா நினைக்கிறீர்கள்? பாவாடையின் கீழ் விளிம்புக்கும் காலுறையின் மேல் விளிம்புக்கும் நடுவில்தான் பார்த்தார். பழைய மாதிரியிலும் முழங்கால், புதிய மாதிரியிலும் முழங்கால். தழும்பு இல்லாத, யாருக்கும் பயப்படாத, ரோஜா நிற முழங்கால்கள்.

"முட்டிய மூடுற மாடலு இல்லியா பாப்பா?"

"அது தெரிஞ்சாத்தான்ப்பா கில்ட்டு!" என்று சிரித்தாள்.

"ஊர்வலம் எந்த ஊர்ல?"

"குஜிலியம்பாறை பக்கம்ப்பா" என்று ஆரம்பித்து ஊர்ப் பெயரையும் சொன்னாள். "பெரிய வீட்டுப் பொண்ணு. மேலத்தெருவுலயிருந்து கோயில் வரைக்கும் நடக்கணும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "வேற செட்டைப் பாரேன்" என்றார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்க அப்பா செட்டு இருக்குன்னு சொல்லித்தான்ப்பா இந்த ஆர்டரையே நான் எடுத்தேன். இப்பப் போய் மாட்டேன்னா என்னையப் பத்தி என்ன நினைப்பாங்க? ஏன், என்னாச்சு உங்களுக்கு?"

அந்த ஏனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மேலத்தெருவில்தான் போய் நிற்க வேண்டும். வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு நிற்கிற ஒரு மனிதரைக் காட்டி, இவர்தான் உன் தாத்தா என்று சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல. தைச்சிருவோம்" என்றார். முட்டியை மறைக்க ஏதாவது வழி இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பேகம்பூரில் முகமது ரஃபீக்கின் தையல் கடை. செட்டுக்குச் சட்டை தைத்துத் தைத்தே ரஃபீக்குக்கு இவர்கள் அத்தனை பேர் அளவும் மனப்பாடம். இரண்டு மாதிரியும் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். பழைய மாதிரி, சிவப்பிலும் பச்சையிலும் கட்டம் போட்ட கம்பளித் துணி. பின்பக்கம் முழுக்கக் கொசுவம், இடுப்பில் தோல்வார், முன்னால் தொங்குவதற்கு முடி வைத்த ஒரு தோல் பை. தூக்கினால் ஆட்டுக்குட்டி கனம் கனத்தது. புதிய மாதிரி கறுப்புக் காட்டன். இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட், பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது.

"மாடர்ன எடுங்க மாஸ்டர். லேசா இருக்கும், போன் வச்சுக்கலாம். அந்தப் பழசு நம்ம வெயிலுக்கு ஆகாது, மனுசன் வெந்துருவான்" என்றார் ரஃபீக். "என்ன பெரிய அதிசயம்? நம்ம கைலிதான். பின்னாடி கொசுவம் வச்சாக் கில்ட்டு."

"நீளத்தைக் கூட்டுங்க பாய்."

"எம்புட்டு?"

"கணுக்கால் வரைக்கும்."

"அப்ப அது பொம்பளைப் பாவாடை மாஸ்டர்!" ரஃபீக் விழுந்து விழுந்து சிரித்தார். எதிரில் இருந்தவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கால்ல புண்ணு கிண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா பாய். பழைய புண்ணு."

ரஃபீக் நல்ல மனுசன். மேற்கொண்டு கேட்கவில்லை, வழி தேடினார். உள்ளே கால்சட்டை போட்டுக்கொண்டால்? முடியாது. பாப்பா அனுப்பிய படத்தில் முட்டிக்கு மேல் ஒரு விரற்கடை என்று தெளிவாக இருந்தது. அப்போதுதான் மாஸ்டர் ஒன்றைக் கவனித்தார். புதிய மாதிரிக்குக் குட்டைக் காலுறை, பூட்ஸோடு நின்றுவிடுகிறது. பழைய மாதிரிக்கு முட்டிக்குக் கீழேவரை நீளக் காலுறை. அந்த நீளத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டால்? முட்டியையும் தாண்டி இழுத்துப் பாவாடைக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டால்? "ஃபுட்பால்காரங்க போடுற சாக்ஸு இருக்கே, அதுல பெரிய அளவு" என்று ரஃபீக்கும் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும்.

"பழசே இருக்கட்டும் பாய்" என்றார் மாஸ்டர். ஒரு மனிதன் தன் முதல் கில்ட்டைத் தேர்ந்தெடுத்த கதை இதுதான். துணியைப் பார்க்கவில்லை, அழகைப் பார்க்கவில்லை, வெயிலைக்கூட நினைக்கவில்லை.

செட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "ஜிலுஜிலுன்னு காத்து வருது மாஸ்டர், இதையே வச்சுக்கிருவோம்" என்று பெரிய டிரம் அடிக்கிறவர் பாவாடையை விசிறி ஆடிக் காட்டினார். மாஸ்டர் மட்டும் வீட்டில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டிப் பார்த்தார். காலுறை நிற்பதற்கு பிலோமினாள் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்து பார்த்தார். நின்றது. வீட்டுக்குள் வெயில் இல்லையே, நிற்காமல் என்ன செய்யும்?

ஊர்வலத்தன்று வேன் வடமதுரையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பும்வரை மாஸ்டர் பேசிக்கொண்டுதான் வந்தார். பிறகு ஜன்னல் வழியே சோளக்காடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலத்தெரு சிமெண்டுத் தெருவாகியிருந்தது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகியிருந்தன. ஆனால் தெரு முனை வந்ததும் அவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று, எதையோ ஏற்றிக் கட்டுவதற்கு. சட்டென்று எடுத்து வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். முன்னே ஒரு வண்டியில் ஸ்பீக்கர், அதிலிருந்து பை வாத்தியம் ஊரை அலறவைத்தது. பின்னே பூ அலங்காரக் காரில் கல்யாணப் பெண். நடுவில் செட்டு. மற்றவர்கள் சும்மா வாயில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மாஸ்டருக்கு அப்படி நடிக்க வராது. நிஜமாகவே ஊதினார். ஊதியது அவர் காதுக்கே கேட்கவில்லை.

நாலு மணி வெயில். கம்பளி நனைந்து கனத்தது. முதலில் வலது முட்டியில் எலாஸ்டிக் வழுக்குவது தெரிந்தது. அடி எடுத்து வைக்கவைக்கக் காலுறை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும்போது எதைப் பிடித்து எதை நிறுத்துவது? இடதும் இறங்கியது. பெரிய வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டும் கணுக்காலில் சுருண்டு கிடந்தன. இத்தனை வருடம் மனைவிக்குக்கூடக் காட்டாத முழங்கால் இரண்டும் மேலத்தெரு வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

வாசலில் நாற்காலி. அதில் அவரேதான். கிழடு தட்டிப் பாதியாகியிருந்தார். அந்த வெயிலிலும் இடுப்பிலிருந்து பாதம்வரை சால்வை போர்த்தியிருந்தார். கையில் டீ. பேத்தியின் காரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஊர்வலம் நின்றது.

தமிழ்நிலா ஓடிப்போய்க் குனிந்தாள். "தாத்தா, எப்படி இருக்கு?"

"எந்த ஊருச் செட்டு பாப்பா?"

"திண்டுக்கல்லுங்க தாத்தா. இவருதான் மாஸ்டர். எங்க அப்பா."

பெரியவர் மாஸ்டரை ஷூவிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தார். முழங்காலில் கண் நின்றது. ஆளைத் தெரியவில்லை. முகம்வரைக்கும் போனால்தானே தெரியும்?

"லட்சணமா இருக்கு" என்றார். "கொட்டடிக்கிறவன்னா இப்பிடித்தான் மேல ஏத்திக் கட்டணும். எங்க ஊர்ல முன்னெல்லாம் இதான் முறை. இப்ப எவன் மதிக்கிறான்?"

"ரொம்பத் தேங்க்ஸ் தாத்தா!" தமிழ்நிலாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்பா பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

பெரியவர் போகலாம் என்று கையை அசைத்தார். ஸ்பீக்கர் வண்டி நகர்ந்தது. செட்டு நகரவில்லை, மாஸ்டர் நடந்தால்தானே அவர்கள் நடப்பார்கள்? மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். கக்கத்தில் வைப்பார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவர் குனிந்து, பெரியவரின் நாற்காலிக்கு நேர் எதிரே, சிமெண்டுத் தெருவில் படிந்திருந்த புழுதியில் அதைக் கிடத்தினார்.

பிறகு இரண்டு கையாலும் வலது காலுறையைப் பிடித்தார். கணுக்காலிலிருந்து மேலே ஏற்றி, முட்டியை மூடி, பாவாடைக்குள் சொருகினார். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"அப்பா, என்னப்பா பண்றீங்க? நடங்கப்பா, பின்னாடி கார் நிக்குது."

"நிக்கட்டும்" என்றார்.

மகளைப் பார்க்காமல் இடது காலுக்குப் போனார். கார் ஹாரன் அடித்தது. பூத்தட்டு ஏந்திய பெண்கள் வெயிலில் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள். மேலத்தெரு முழுக்க நின்றது. மாஸ்டர் அந்தக் காலுறையை இஸ்திரி மடிப்பைத் தடவுவதுபோல மெதுவாக, மிக மெதுவாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைக்கிறவரை நிமிரவில்லை.